பில்போ ஃப்ரோடோவுக்கு மாமாவா, பெரியப்பாவா?

கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். "லார்ட் ஆஃப் த ரிங்ஸ் நாவலில் வரும் பில்போவை ஃப்ரோடோவின் அங்கிள் என்றுதான் பலரும் சொல்கிறார்கள். உள்ளே போய்ப் படித்தால் கசின் என்று வருகிறது. உண்மையில் என்ன உறவு? ஃபேன்டஸி கதைகளில் மட்டும் ஏன் யாருக்கு யார் என்ன வேண்டும் என்பதே பிடிபடாமல் போகிறது?"

முதல் பாதிக்கு ஒரு வரியில் பதில் உண்டு. பில்போ ஃப்ரோடோவுக்கு அம்மா வழியில் மாமா, அப்பா வழியில் பெரியப்பா. இரண்டுமே சரி.

இரண்டாம் பாதிக்குக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். பெரும்பாலான குழப்பத்துக்குக் காரணம் அங்கிள், ஆன்ட்டி, கசின் என்ற மூன்று சொற்கள். அப்பாவின் தம்பியும் அங்கிள், அம்மாவின் அண்ணனும் அங்கிள், அத்தையின் கணவரும் அங்கிள். கசின் இன்னும் மோசம். ஆணா பெண்ணா என்பதைக்கூடச் சொல்லாது. தமிழில் யோசிக்கும் நமக்கு அந்தச் சொல் காதில் விழுந்ததும் அடுத்த கேள்வி தானாக எழும்: பெரியப்பா மகனா, மாமன் மகனா? அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனால், பல நாவல்களில் கதையின் முடிச்சே அங்கேதான் இருப்பது தெரியும். பல வருடங்களாக இந்த வம்ச வரைபடங்களை நோட்டில் வரைந்து பார்ப்பது என் பொழுதுபோக்கு. அதனால் கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பில்போவிலிருந்தே தொடங்கலாம். பில்போவும் ஃப்ரோடோவும் ஹாபிட் என்ற சிற்றுருவ இனத்தவர். ஹாபிட்டுகளுக்கு உறவு முறை பார்ப்பதில் பெரிய ஆர்வம் என்று நாவலாசிரியர் டோல்கீன் முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். புத்தகத்தின் பின்னிணைப்பில் பக்கம் பக்கமாக வம்சப் பட்டியல்களும் கொடுத்திருக்கிறார். பலர் அதைப் புரட்டாமலேயே புத்தகத்தை மூடிவிடுவார்கள். எனக்கு அந்தப் பக்கங்கள்தான் பிடிக்கும்.

அம்மா வழியை முதலில் பார்ப்போம். கிழவர் டூக் என்று அழைக்கப்படும் ஜெரான்டியஸ் டூக்கின் மகள்கள் மூவர்: பெல்லடோனா, டோனமிரா, மிராபெல்லா. மூத்தவள் பெல்லடோனாவின் மகன் பில்போ. கடைசி மகள் மிராபெல்லா பிராண்டிபக் குடும்பத்துக்கு மருமகளாகப் போனாள். அவளுடைய மகள் ப்ரிமுலா. ப்ரிமுலாவின் மகன் ஃப்ரோடோ. ஆக, பில்போவும் ப்ரிமுலாவும் அக்கா தங்கையின் பிள்ளைகள். ப்ரிமுலாவுக்குப் பில்போ பெரியம்மா மகன், அதாவது அண்ணன். வயதும் ஒத்துப்போகிறது, பில்போ முப்பது வருடம் மூத்தவர். அம்மாவின் அண்ணன் ஃப்ரோடோவுக்கு யார்? மாமா.

இப்போது அப்பா வழி. பால்போ பேகின்ஸின் மகன்களில் மூத்தவர் முங்கோ, இளையவர் லார்கோ. முங்கோவின் மகன் பங்கோ, பங்கோவின் மகன் பில்போ. லார்கோவின் மகன் ஃபாஸ்கோ, ஃபாஸ்கோவின் மகன் ட்ரோகோ, ட்ரோகோவின் மகன் ஃப்ரோடோ. பில்போவும் ட்ரோகோவும் ஒரே தலைமுறை, ஒரே குடும்பப் பெயர், ஆண் வழிப் பங்காளிகள். பில்போ மூத்தவர் என்பதால் ட்ரோகோவுக்கு அண்ணன். அப்பாவின் அண்ணன் ஃப்ரோடோவுக்குப் பெரியப்பா.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. ட்ரோகோ பில்போவுக்குத் தம்பி முறை, ப்ரிமுலா தங்கை முறை. தம்பிக்கும் தங்கைக்கும் கல்யாணம் நடந்து பிறந்தவன் ஃப்ரோடோ! ட்ரோகோவுக்கும் ப்ரிமுலாவுக்கும் இடையே இந்த வழியில் ரத்த உறவு எதுவும் இல்லை. இரண்டு பேரும் பில்போவுக்கு வெவ்வேறு பக்கத்து உறவு, அவ்வளவுதான். ஆனால் முறை சொல்லிக் கூப்பிடத் தொடங்கினால் நாக்கு சிக்கிக்கொள்ளும். நாவலின் முதல் அத்தியாயத்தில், பின்னால் ஃப்ரோடோவோடு பயணம் போகும் சாமின் அப்பா இந்த உறவைக் கேட்பவர்களுக்கு விளக்குகிறார். அம்மா வழியில் முதல் கசினின் மகன், அப்பா வழியில் இரண்டாம் கசினின் மகன், இரண்டு பக்கமும் ஒரு தலைமுறை தள்ளி என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். தமிழில் மாமா, பெரியப்பா என்று இரண்டே சொல்.

மொழிபெயர்ப்பவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்றால் என் ஓட்டு மாமாவுக்கு. அந்த வழிதான் நெருக்கமானது என்பது ஒரு காரணம். இன்னொன்று, பில்போவின் ஊர் சுற்றும் ஆசைக்கு டூக் ரத்தம்தான் காரணம் என்று டோல்கீனின் முந்தைய நாவலான தி ஹாபிட் திரும்பத் திரும்பச் சொல்கிறது. அதே டூக் ரத்தம் ஃப்ரோடோவுக்கும் அம்மா வழியில் வருகிறது. மோதிரத்தை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்புகிறவன் மாமனைக் கொண்டு பிறந்த மருமகன்தான்.

சரி, அப்படியானால் பெரியப்பா உறவு எதற்குப் பயன்படுகிறது? சொத்துக்கு. பில்போ வாழும் பேக் எண்ட் வீடு பேகின்ஸ் குடும்பத்துச் சொத்து. பில்போவுக்குப் பிள்ளை இல்லை. பில்போவின் அப்பா பங்கோவுக்கு லாங்கோ என்று ஒரு தம்பி. லாங்கோவின் மகன் ஓத்தோ சாக்வில்-பேகின்ஸ். அதாவது பில்போவுக்குச் சொந்தச் சித்தப்பா மகன். அவருடைய மனைவிதான் லொபீலியா. நாவலில் இவர்களைப் பில்போவின் கசின்கள் என்று படிக்கும்போது ஏதோ தூரத்து உறவினர்கள் பேராசைப்படுகிறார்கள் என்று தோன்றும். சித்தப்பா மகன் என்று தெரிந்ததும் காட்சி மாறிவிடுகிறது. முறைப்படி அடுத்த வாரிசு ஓத்தோதான். பில்போ இறந்ததாக நினைத்து வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டபோது இவர்கள் வீட்டையே அளந்துகொண்டிருந்ததற்கு அவர்கள் கண்ணில் நியாயம் உண்டு. ஃப்ரோடோ பங்காளிதான் என்றாலும் ஓத்தோவைவிட ஒரு படி தள்ளிய பங்காளி. அதனால்தான் பில்போ ஃப்ரோடோவைச் சும்மா வீட்டில் வைத்துக்கொள்ளாமல் முறைப்படி தத்து எடுக்கிறார். சிவப்பு மையில் ஏழு சாட்சிகள் கையெழுத்துப் போட்ட உயில் எழுதி வைக்கிறார். அந்த ஏழு கையெழுத்தும் ஓத்தோவைத் தடுக்கத்தான். நாம் அனைவரும் அறிந்த பங்காளிச் சண்டை இது, கசின் என்ற சொல்லுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது.

ஃப்ரோடோவோடு பயணம் போகும் மற்ற இரண்டு ஹாபிட்டுகள் மெர்ரி, பிப்பின் விஷயமும் சுவையானது. மெர்ரியின் அம்மா எஸ்மரால்டா, பிப்பினின் அப்பா பலடினுக்கு உடன்பிறந்தவள். ஆக பிப்பினுக்கு மெர்ரி அத்தை மகன், மெர்ரிக்குப் பிப்பின் மாமன் மகன். மச்சான்கள்! இது தெரிந்த பிறகு அவர்கள் ஒருவரை ஒருவர் வாரிக்கொள்ளும் உரையாடல்களைப் படித்துப் பாருங்கள். எனக்கு அதில் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஒரு "மச்சான்" கேட்கிறது. ஃப்ரோடோவுக்கு மெர்ரியின் அப்பா சரடாக், மாமன் மகன். எனவே மெர்ரி ஃப்ரோடோவை மாமா என்றுதான் கூப்பிட வேண்டும். வயது வித்தியாசம் பதினான்குதான் என்றாலும் தலைமுறை ஒன்று தள்ளி. ரகசியமாகக் கிளம்பப் பார்க்கும் மாமாவைக் கண்டுபிடித்துத் தடுத்து நிறுத்தி, நாங்களும் வருவோம் என்று அடம்பிடிக்கும் மருமகன். அந்தக் கூட்டத்தில் ரத்த உறவு இல்லாதவன் சாம் மட்டும்தான். அவனிடம் கடைசியில் வருகிறேன்.

அதே உலகத்தில் ஆங்கிலமே தன் குறையை உணர்ந்து வேறு சொல் தேடும் ஓர் இடம் உண்டு. ரோஹன் நாட்டு மன்னர் தியோடன், யோமரை நெஃப்யூ என்று சொல்லாமல் "சகோதரியின் மகன்" என்ற பொருள் தரும் பழைய கூட்டுச் சொல்லால் குறிப்பிடுகிறார். டோல்கீன் பழைய ஆங்கில மொழிப் பேராசிரியர். அந்த மொழியில் இதற்குத் தனிச் சொல் இருந்தது. பழைய ஜெர்மானியக் குடிகளிடம் தாய்மாமன் உறவு மிகப் பெரியது. கி.பி. 98 வாக்கில் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ், அவர்களைப் பற்றி எழுதும்போது, சகோதரியின் மகன்களுக்குத் தகப்பனிடம் எவ்வளவு மதிப்போ அவ்வளவு மதிப்பு மாமனிடமும் உண்டு என்று குறித்திருக்கிறார். தியோடனின் தங்கை தியோட்வின். அவளும் கணவனும் இறந்ததும் பிள்ளைகள் யோமர், யோவின் இருவரையும் தியோடன் தன் பிள்ளைகளாகவே வளர்க்கிறார். சொந்த மகன் போரில் இறந்ததும் அரியணை மருமகன் யோமருக்குப் போகிறது.

தி ஹாபிட்டில் ஃபீலியும் கீலியும் தங்கள் தலைவர் தோரினைக் காக்கக் கேடயமாக நின்று இறந்துபோகிறார்கள். ஏன் என்பதற்கு டோல்கீன் கொடுக்கும் காரணம் ஒரே ஒரு துணைவாக்கியம்தான்: அவர் அவர்களுடைய அம்மாவின் அண்ணன். ஆங்கிலத்தில் படிக்கும் சிறுவனுக்கு அது ஒரு தகவல். நமக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. தாய்மாமனுக்காக உயிரைக் கொடுத்தார்கள் என்றால் முடிந்தது.

எல்ஃப்கள் பக்கம் போனால் முறை பார்ப்பது தலைசுற்றலில் முடியும். சாவு இல்லாதவர்களுக்குத் தலைமுறை என்பதற்கே அர்த்தம் குறைவு. எல்ஃப் தலைவர் எல்ராண்டின் மனைவி கெலப்ரியன், எல்ஃப் சீமாட்டி கலாட்ரியலின் மகள். எல்ராண்டின் அப்பா எயரெண்டில். அவருடைய அம்மா இட்ரில். இட்ரிலின் அப்பா டூர்கோன். இந்த டூர்கோனுக்குக் கலாட்ரியல் சித்தப்பா மகள், அதாவது தங்கை. அப்படியானால் இட்ரிலுக்குக் கலாட்ரியல் அத்தை, கெலப்ரியன் அத்தை மகள். எல்ராண்டின் பாட்டிக்கு அத்தை மகள் என்றால் எல்ராண்டுக்குக் கெலப்ரியன் பாட்டி முறை! அம்மா வழியில் பார்த்தால் தப்பிக்கலாமா என்றால் அதுவும் இல்லை. எல்ராண்டின் அம்மா எல்விங், எல்விங்கின் அம்மா நிம்லோத். கலாட்ரியலின் கணவர் கெலபோர்னின் சகோதரன் மகள் இந்த நிம்லோத். அந்த வழியிலும் கெலப்ரியன் பாட்டியின் சகோதரிதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் எல்ராண்ட் கட்டிக்கொண்டது பாட்டியை. இத்தனைக்கும் கல்யாணத்தின்போது எல்ராண்டுக்கே மூவாயிரம் வயதுக்கு மேல் ஆகியிருந்தது. கெலபோர்னின் பிறப்பை டோல்கீன் பிற்காலக் குறிப்பு ஒன்றில் மாற்றி எழுதியிருக்கிறார். அதை எடுத்துக்கொண்டால் இந்த இரண்டாவது வழி அறுந்துவிடும், முதல் வழி அப்படியே நிற்கும்.

அராகோர்ன், ஆர்வென் காதல் ஜோடி பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். உறவினர்களா என்றால், ஆமாம். ஆர்வெனின் அப்பா எல்ராண்டும், எல்ரோஸும் இரட்டையர்கள். எல்ஃபாக இருப்பதா மனிதனாக இருப்பதா என்று தேர்ந்தெடுக்கச் சொன்னபோது எல்ராண்ட் எல்ஃப் வாழ்வையும் எல்ரோஸ் மனித வாழ்வையும் தேர்ந்தெடுத்தார்கள். எல்ரோஸ் நூமனோர் தீவின் முதல் மன்னரானார், ஐந்நூறு வயதில் இறந்தார். அவருடைய பிள்ளைகள் ஆர்வெனுக்குச் சகோதர முறை. அதன் பிறகு அறுபதுக்கும் மேற்பட்ட தலைமுறை கழித்து அராகோர்ன் பிறக்கிறான். பேரன், கொள்ளுப்பேரன், எள்ளுப்பேரன் என்று எண்ணிக்கொண்டு போனால் நம்மிடம் உள்ள சொற்கள் சீக்கிரமே தீர்ந்துவிடும். ஆர்வென் அவனைவிட 2690 வயது மூத்தவள். இவ்வளவு தூரத்துக்குப் பிறகு முறை கேட்பதில் பொருள் இல்லை. ஆனால் இந்த உறவு கதைக்குத் தேவை. இரட்டையர் இருவரில் ஒருவர் சாவைத் தேர்ந்தெடுத்தார், மற்றவர் தேர்ந்தெடுக்கவில்லை. மற்றவரின் மகள் மூன்றாம் யுகத்தின் முடிவில் தன் சித்தப்பா எடுத்த அதே முடிவை எடுக்கிறாள்.

சித்தப்பா என்று எழுதிவிட்டேன். இரட்டையரில் யார் மூத்தவர் என்ற கேள்வி உடனே வரும். தமிழில் எழுதும்போது வரும் பெரிய தொல்லை இதுதான். ஆங்கிலம் மூத்தவர் இளையவர் பார்க்காமல் நழுவிவிடும். நாம் ஒரு பக்கம் சாய்ந்தாக வேண்டும்.

இந்த மூத்தவர் இளையவர் வித்தியாசம் ஒரு கதையையே திறக்கும் சாவியாக இருப்பதற்கு ஹவுஸ் ஆஃப் த டிராகன் நல்ல உதாரணம். தொடரின் தொடக்கக் காட்சியிலேயே பெருஞ்சபை கூடி, ரெய்னிஸை விட்டுவிட்டு விசேரிஸை அரசனாகத் தேர்ந்தெடுக்கிறது. ரெய்னிஸ் விசேரிஸின் கசின் என்று சொல்லப்படுகிறது. அதை மட்டும் கேட்டால், ஒரு பெண் அரியணைக்குப் போட்டியிட்டாள், தோற்றாள் என்று கடந்துபோய்விடுவோம். ரெய்னிஸ் விசேரிஸுக்கு என்ன உறவு? பெரியப்பா மகள். கிழ மன்னர் ஜெஹேரிஸின் மூத்த மகன் ஏமனின் ஒரே மகள் அவள். விசேரிஸ் இளைய மகன் பேலனின் மகன். பெரியப்பா மகள் என்ற சொல்லிலேயே அவளுடைய உரிமையும் அது பறிபோன விதமும் அடங்கியிருக்கின்றன. அந்தத் தொடரைத் தமிழில் வசனம் எழுதுபவர் கசின் என்பதை வெறுமனே "சகோதரி" என்று போட்டால் அந்தக் குடும்பத்தின் முதல் அநியாயமே காணாமல் போய்விடும்.

அதே தொடரில் விசேரிஸின் தம்பி டேமன், விசேரிஸின் மகள் ரெனீராவின் அங்கிள். பலர் இதைச் சாதாரணமாகப் பார்த்துவிட்டு, பின்னால் அவர்கள் கல்யாணம் செய்துகொள்வதைக் காதல் கதையின் வெற்றிபோல ரசிக்கிறார்கள். டேமன் அவளுடைய சித்தப்பா. சொல்லிப் பாருங்கள், உடல் கூசும். அவர்களுடைய டார்கேரியன் குடும்பம் மற்றவர்களிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை ஆசிரியர் உணர்த்த விரும்பியது அந்தக் கூச்சத்தின் வழியாகத்தான் என்று நினைக்கிறேன்.

கேம் ஆஃப் த்ரோன்ஸில் ஜான் ஸ்னோவின் பிறப்பு ரகசியம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்; தொலைக்காட்சித் தொடர் 2016, 2017 ஆண்டுகளில் அதை உடைத்துவிட்டது. நாவல்களில் இன்னும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. நெட் ஸ்டார்க்கின் தங்கை லியானாவுக்கும் ரேகார் டார்கேரியனுக்கும் பிறந்தவன் ஜான். அதாவது அவன் அப்பா என்று நம்பி வளர்ந்தவர் அவனுடைய தாய்மாமன். சாகும் தறுவாயில் தங்கை கேட்ட சத்தியத்துக்காக, தன் பெயரைக் கெடுத்துக்கொண்டு மருமகனை மகன் என்று ஊருக்குச் சொன்ன மாமன். டெனேரிஸ் ரேகாரின் தங்கை, எனவே ஜானுக்கு அத்தை. ஆங்கிலத்தில் ஜானின் ஆன்ட்டி என்றால் அது டெனேரிஸாகவும் இருக்கலாம், நெட்டின் மனைவி கேட்லினாகவும் இருக்கலாம். ஆர்யா, சான்சா, பிரான் எல்லாம் ஜானுக்கு மாமன் பிள்ளைகள். அவன் அவர்களை உடன்பிறப்புகளாக நினைத்தே வளர்ந்ததால், உண்மை தெரிந்தபோது அவன் இழப்பது ஓர் அப்பாவை மட்டும் அல்ல, தம்பி தங்கைகளையும்தான்.

அதே கதையில் சின்ன விஷயம் ஒன்று. கேட்லினின் தங்கை லைசா தன் மகன் ராபினுக்குச் சான்சாவைக் கட்டிவைக்க ஆசைப்படுகிறாள். கசின் கல்யாணம் என்று படிக்கும்போது அந்தக் காலத்து அரச குடும்பம்தானே என்று விட்டுவிடலாம். ராபின் சான்சாவுக்குச் சித்தி மகன், தம்பி. லைசாவின் புத்தி எவ்வளவு தடுமாறியிருக்கிறது என்பதற்கு எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. அந்த உலகத்துச் சட்டத்தில் அது தவறே இல்லை என்பது வேறு விஷயம்; டைவின் லானிஸ்டரே தன் சித்தப்பா மகளைத்தான் கட்டினார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நம் சொற்களை வைத்து அவர்கள் உலகத்தைத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இந்த இரண்டு தொடர்களும் நடக்கும் வெஸ்டரோஸ்காரர்களுக்கு சித்தப்பா மகளும் மாமன் மகளும் ஒன்றுதான். தமிழ் முறை ஒரு பூதக்கண்ணாடி மாதிரி. வரைபடத்தில் எந்தக் கோடு எங்கே போகிறது என்று காட்டும். அந்தக் கோட்டை அந்தக் கதாபாத்திரங்கள் எப்படி உணர்கிறார்கள் என்பதைக் கதையிடம்தான் கேட்க வேண்டும்.

ஹாரி பாட்டருக்கு வருவோம். இங்கே நம் சொல் கிட்டத்தட்ட கதையின் ரகசியத்தையே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. ஹாரி வளர்வது ஆன்ட்டி பெட்டூனியாவின் வீட்டில். பெட்டூனியா ஹாரியின் அம்மா லில்லியின் அக்கா. ஹாரிக்குப் பெரியம்மா. மந்திரப் பள்ளியின் தலைமையாசிரியர் டம்பிள்டோர் ஏன் அன்பே இல்லாத அந்த வீட்டில் குழந்தையை விட்டார் என்பது ஐந்தாம் புத்தகத்தில்தான் விளங்குகிறது. அம்மா தன் உயிரைக் கொடுத்து ஏற்படுத்திய காப்பு, அவளுடைய ரத்தம் ஓடும் ஒருவரின் வீட்டில்தான் நிலைக்கும். ஆன்ட்டி என்ற சொல்லில் அம்மா இல்லை. பெரியம்மா என்ற சொல்லில் அம்மா இருக்கிறாள். அந்த வீட்டில் ஹாரிக்குக் கிடைத்ததும் அந்தச் சொல்லில் மட்டும் மிச்சமிருக்கும் அம்மாதான்.

பெட்டூனியாவின் மகன் டட்லி ஹாரியைவிட ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேல் மூத்தவன், எனவே அண்ணன். டட்லி அண்ணன் என்று எழுதிப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் ஏழாம் புத்தகத்தில் பிரியும்போது அவன் தயங்கித் தயங்கி ஹாரியிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்கிறான் அல்லவா, அங்கே அந்தச் சொல் பொருந்திவிடுகிறது. மார்ஜ் ஆன்ட்டிக்கும் ஹாரிக்கும் ரத்த சம்பந்தமே கிடையாது. பெரியப்பாவின் அக்காவோ தங்கையோ, அவ்வளவுதான். அவளை ஹாரி மந்திரத்தால் ஊதிப் பறக்கவிட்டதில் தவறில்லை என்று தோன்றுவது எனக்கு மட்டும்தானா?

ஹாரியின் ஞானத்தந்தை சிரியஸ் பிளாக்கைக் கொன்ற பெல்லாட்ரிக்ஸ் அவனுடைய கசின். மாமன் மகள் என்று தெரிந்தால் கொலை இன்னும் கனக்கிறது. சிரியஸின் அம்மா வல்புர்காவின் உடன்பிறந்தவர் சிக்னஸ். அவருடைய மூன்று மகள்கள் பெல்லாட்ரிக்ஸ், ஆண்ட்ரோமெடா, நார்சிஸா. ஆண்ட்ரோமெடாவின் மகள் டாங்க்ஸும் நார்சிஸாவின் மகன் டிராகோவும் அக்கா தம்பி. கதை முழுவதும் எதிரெதிர் பக்கத்தில் நிற்கும் இந்த அக்காவும் தம்பியும் ஒரு தடவைகூட முகம் பார்த்துப் பேசிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. வீட்டுச் சுவரில் தொங்கும் வம்சத் திரைச்சீலையில், குடும்பத்தை மீறிக் கல்யாணம் செய்தவர்களின் பெயரைச் சுட்டுப் பொசுக்கிவிடுவார்கள். ஆண்ட்ரோமெடாவின் பெயர் இருந்த இடத்தில் ஓட்டைதான் இருக்கிறது.

ஹாரி, ஹெர்மயனி இருவரையும் ஏன் சேர்த்துவைக்கவில்லை என்று இன்றும் சண்டை போடுகிறவர்கள் உண்டு. ஏழாம் புத்தகத்தில் ஹாரி தன் நண்பன் ரானிடம், அவள் எனக்குச் சகோதரி மாதிரி என்கிறான். பிறகு நடப்பதை முறைப்படி பாருங்கள். ஹாரி ரானின் தங்கை ஜின்னியைக் கட்டுகிறான், ரான் ஹெர்மயனியைக் கட்டுகிறான். ரான் மச்சான் ஆகிறான். மச்சான் பெண்டாட்டி என்ன முறை? உடன்பிறந்தவள் முறை. ஹாரி வாயால் சொன்னதை உறவு முறையே வழிமொழிகிறது. பிறந்த தேதியைப் பார்த்தால் ஹெர்மயனி அக்கா. அது அவளுடைய நடத்தையிலேயே தெரியும் என்பீர்கள்.

உங்களுக்கு இனி ஒரு நாவலில் கசின் என்று வந்தால் செய்ய வேண்டியது இவ்வளவுதான். இரண்டு பேரின் பெயரையும் எழுதி, மேலே மேலே பெற்றோர் பெயர்களை எழுதிக்கொண்டு போங்கள். எங்கே ஒரு அண்ணன் தம்பியோ, அக்கா தங்கையோ, அண்ணன் தங்கையோ வருகிறார்களோ அங்கே நிறுத்துங்கள். அங்கிருந்து ஒவ்வொரு படியாக இறங்கி முறை சொல்லுங்கள். இரண்டு பக்கமும் படிகளின் எண்ணிக்கை சமமாக இல்லையென்றால் அதைத்தான் ஆங்கிலத்தில் "ரிமூவ்ட்" என்கிறார்கள். தலைமுறை தள்ளியிருக்கிறது என்று பொருள். இது தெரியாமல் நான் வெகுநாள் அதை ஏதோ விலக்கிவைக்கப்பட்ட உறவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கஷ்டம் வருவது ஒன்றே ஒன்றில்தான்: யார் மூத்தவர் என்று ஆசிரியர் சொல்லாதபோது. பிறந்த ஆண்டுப் பட்டியல் இருக்கிறதா என்று பின்னிணைப்பைத் தேடுங்கள். இல்லையென்றால் காட்சியின் தொனியைப் பார்த்து நீங்களே முடிவு செய்ய வேண்டியதுதான்.

ஆசிரியர்கள் இதையெல்லாம் யோசித்துத்தான் எழுதுகிறார்களா என்றால், டோல்கீன் நிச்சயமாக யோசித்தார். கேம் ஆஃப் த்ரோன்ஸ் கதையை எழுதிய மார்ட்டினும் யோசிக்கிறார், அரியணைச் சண்டை எழுதுகிறவர் வாரிசு வரிசையைக் கணக்குப் போடாமல் எழுத முடியாது. மற்ற பலர் அவ்வளவு யோசிப்பதில்லை. நாயகனுக்கு அப்பா அம்மா இல்லாமல் ஆக்க வேண்டும், ஆனால் யாராவது சோறு போட்டு வளர்க்கவும் வேண்டும்; அதற்கு ஓர் அங்கிள் போதும். எரகான் கதையில் காரோ அப்படிப்பட்டவர்தான். அவர் எரகானின் அம்மா செலினாவின் உடன்பிறந்தவர், தாய்மாமன். ஆனால் அந்த நாவலில் அவர் சித்தப்பாவாக இருந்திருந்தாலும் பெரிதாக எதுவும் மாறியிருக்காது. எல்லாக் கோட்டிலும் அர்த்தம் தேட வேண்டியதில்லை.

சாமைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. அந்த நால்வரில் மற்ற மூவரும் ஒருவருக்கொருவர் மாமன், மச்சான், மருமகன். சாம் தோட்டக்காரன் மகன், தானும் தோட்டக்காரன், யாருக்கும் எதுவும் இல்லை. இவ்வளவு பங்காளிச் சண்டைக்கும் காரணமான பேக் எண்ட் வீடு கடைசியில் அவன் கைக்குத்தான் வருகிறது. லொபீலியா மனம் மாறி அதை ஃப்ரோடோவிடமே திருப்பிக் கொடுக்க, ஃப்ரோடோ கடல் கடந்து போகும் முன் சாமுக்கு எழுதிவைக்கிறான். சாமுக்குப் பிள்ளைகள் பதின்மூன்று பேர். கதை முடிந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆன பிறகு, பின்னிணைப்பில் ஒரே ஒரு வரி வருகிறது: பிப்பினின் மகன் ஃபராமிர், சாமின் மகள் கோல்டிலாக்ஸைக் கல்யாணம் செய்துகொண்டான். டூக் குலத்தின் தலைவரும் தோட்டக்காரர் சாமும் அன்றிலிருந்து என்ன உறவு என்று சொல்ல ஆங்கிலத்தில் ஒரு சொல்கூட இல்லை. சம்பந்திகள்.